நாற்பத்தேழாவது உயிரினம்

வேலியில் போகிற ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டவனைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். மீன்பண்ணைக்காரர் அப்படி எதையும் பிடிக்கப் போகவில்லை. ஓணான் தானாகவே வந்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் கோப்புமாக வந்து, மடியில் உட்கார அனுமதி கேட்டு, மூன்று பிரதிகளில் அவரிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டது.

அவருக்கு உப்பங்கழியை ஒட்டி ஒரு குளம். அதில் கொடுவா மீன் வளர்த்தார். பத்தொன்பது வருடமாக அதே குளம், அதே மீன், அதே இடுப்பு வலி. குளத்துக்கும் கழிக்கும் நடுவே மண்கரை, கரையில் ஒரு மடை, மடையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிய ஏழு பலகைகள். அமாவாசையை ஒட்டியும் பௌர்ணமியை ஒட்டியும் விடியற்காலையில் கடல் நன்றாக ஏறும். கழித்தண்ணீர் குளத்தைவிட ஒரு முழம் உயர்ந்து நிற்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்குள் பலகைகளை உருவிவிட்டால் புதுத்தண்ணீர் பாய்ந்து மீன்களுக்கு மூச்சு வரும். தவறவிட்டால் அடுத்த பதினைந்து நாளைக்குக் கடல் யார் பேச்சையும் கேட்காது. தொழிலில் அவருக்குத் தெரிந்த பெரிய ரகசியம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் தீனி போடுவதும் நீர்நாயை விரட்டுவதும்.

குளம் இருந்தது குத்தகை நிலத்தில். குத்தகை கொடுத்தது கடலோரச் சூழல் மேம்பாட்டு ஆணையம். பத்தொன்பது வருடத்தில் ஆணையத்திலிருந்து ஒருவரும் அவரைத் தேடி வந்ததில்லை. அதனால் ஆணையத்தின்மேல் அவருக்கு மிகுந்த மரியாதை இருந்தது.

அந்த மரியாதையைக் கெடுக்க ஒருநாள் கள அலுவலர் வந்தார். முப்பது வயதுப் பெண். நல்ல பேச்சு, நல்ல பழக்கம், சேற்றுக்குப் பொருந்தாத செருப்பு.

"உங்க குளத்தை முன்மாதிரித் தளமா தேர்ந்தெடுத்திருக்கோம் சார். அலையாத்தி மரம், பறவை, மீன் வளர்ப்பு, எல்லாம் ஒரே இடத்துல இருக்கு. இயற்கைக்குக் கேடு இல்லாத சுற்றுலா. ஆளுங்க வருவாங்க, பார்ப்பாங்க, எதையும் தொடாம போயிடுவாங்க."

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"ஒண்ணுமே செய்ய வேண்டாம் சார். எப்பவும் போல இருங்க, போதும்."

"ஒண்ணும் செய்ய வேணாம்னு சொல்ற ஆபீஸ மட்டும் நம்பாதீங்க" என்று அவர் மனைவி சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் சொன்னார், போட்ட பிறகும் சொன்னார். நடுவில் மட்டும் வந்தவருக்குத் தேநீர் போட அடுப்படிக்குப் போயிருந்தார். காரியம் அந்த இடைவெளியில் முடிந்தது.

முதல் வாரத்தில் காற்றுச் சக்கரத்தைக் கழற்றினார்கள். குளத்துத் தண்ணீரை அடித்துக் கலக்கிக் காற்றேற்றுகிற மோட்டார் சக்கரம் அது. அதன் சத்தம் பறவைகளின் அமைதிக்கு இடைஞ்சலாம்.

"எந்தப் பறவை மேடம் புகார் கொடுத்துச்சு?" என்று பண்ணைக்காரர் கேட்டார்.

"புகார் கொடுத்தவங்க விவரத்தை நாங்க வெளிய சொல்றதில்ல சார்" என்றார் கள அலுவலர். அவர் முகத்தில் சிரிப்புக்கான அறிகுறி எதுவும் இல்லை.

இரண்டாம் வாரத்தில் மூன்று போத்தல்களில் குளத்துத் தண்ணீரை மொண்டுகொண்டு போனார்கள். பத்து நாளில் சான்றிதழ் வந்தது. மேற்படிக் குளத்தின் நீர் சுற்றுலாத் தரத்துக்கு உகந்தது, இன்றிலிருந்து ஒரு வருடம் செல்லுபடியாகும் என்று எழுதியிருந்தது. கண்ணாடிச் சட்டம் போட்டுக் குளக்கரையில் ஒரு கம்பத்தில் மாட்டினார்கள். பண்ணைக்காரருக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தன் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சொந்தமான ஒன்று பரீட்சையில் தேறியிருக்கிறது.

மறுநாள் மடையின் பலகைகளைச் சுற்றித் துணிநாடா கட்டி, முடிச்சில் சிவப்பு அரக்கு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"தண்ணிய மாத்தினா சான்றிதழ் செல்லாது சார்" என்று கள அலுவலர் விளக்கினார். "புதுசா உள்ள வர்றது சான்று வாங்காத தண்ணி."

"கடல் தண்ணிதானே மேடம்."

"கடலுக்கு இன்னும் சான்று கொடுக்கல சார். அங்கேர்ந்து விண்ணப்பமே வரல."

"தண்ணி மாத்தலைன்னா மீன் செத்துடும்."

"அதுக்குத்தான் சார் ஒன்பதாம் படிவம் இருக்கு. மடை திறப்பு அனுமதி. நீங்க பூர்த்தி பண்ணிக் கொடுத்துடுங்க, மேல அனுப்பிடறேன்."

அரக்கை உடைத்தால் குத்தகை ரத்தாகும் என்று நாடாவிலேயே பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. குத்தகை போனால் குளம் போகும். குளம் போனால் ஐம்பத்திரண்டு வயதில் இன்னொருவன் பண்ணையில் கூலிக்குச் சேறு அள்ள வேண்டும். உள்ளே ஆறு மாதம் வளர்த்த கொடுவா, தலைக்கு முக்கால் கிலோ தேறும். இன்னும் நான்கு மாதம் தாக்குப் பிடித்தால் வலை போட்டுவிடலாம். பண்ணைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்பதாம் படிவத்தை நிரப்பினார். அதில் 'மடையைத் திறப்பதால் கடல்மட்டம் எவ்வளவு குறையும்?' என்று ஒரு கேள்வி இருந்தது. 'தெரியாது' என்று எழுதினார். தெரியாது என்பது எண் அல்ல என்று படிவம் திரும்பி வந்தது. 'கொஞ்சம்' என்று எழுதினார். அது போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் தாங்குதிறன் குழு வந்து இறங்கியது. பதினொரு பேர். அளவு நாடா, எடை பார்க்கும் இயந்திரம், ஆளுக்கொரு குடை. ஒரு மாதம் கரையில் நடந்து நடந்து பார்த்தார்கள். கடைசியில், இந்தச் சூழல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மனிதர்களை மட்டுமே தாங்கும், பதின்மூன்றாவது மனிதர் நுழைந்தால் திருத்த முடியாத சேதம் உண்டாகும் என்று கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டு பேர் என்கிற வரம்பு ஒழுங்காகக் காக்கப்படுகிறதா என்று மேற்பார்வை செய்ய அதே பதினொரு பேரும் தினம் வருவது என்று முடிவாயிற்று. அவர்களுக்குத் தேநீர்ப் பிளாஸ்க் தூக்கி வர ஒருவர். ஆகப் பன்னிரண்டு. காலை பத்தரைக்கெல்லாம் கணக்கு நிறைந்துவிடும். திட்டம் தொடங்கியதிலிருந்து ஒரு சுற்றுலாப் பயணியும் உள்ளே வர முடிந்ததில்லை. 'சுற்றுலாப் பயணிகளால் ஏற்பட்ட சேதம்: இல்லை' என்று ஆணையத்தின் முதல் காலாண்டு அறிக்கை சொன்னது. அது உண்மைதான், யாரும் மறுக்க முடியாது.

உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்பது திட்டத்தின் கொள்கை. அதன்படி பண்ணைக்காரரின் மைத்துனரையே, அதாவது மனைவியின் தம்பியையே, வாசற்காவலாக நியமித்தார்கள். இரண்டு ஆள் புகுந்துகொள்ளக்கூடிய சீருடையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

"மாமா, பன்னெண்டு ஆயிடுச்சு" என்றார் மைத்துனர்.

"டேய், அது என் குளம்டா."

"உங்க குளம்தான் மாமா. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா நீங்க பதிமூணாவது ஆளு."

"மீனுக்குத் தீனி போடணும். வழிய விடு."

"இங்கேர்ந்து எறிஞ்சா போகாதா?"

எறிந்து பார்த்தார். போகவில்லை. வழியிலேயே காக்கைகள் பங்கு போட்டுக்கொண்டன. உள்ளே ஒரு குழு உறுப்பினர் அதைப் படம் பிடித்து, 'தளத்தில் பறவைகளின் வருகை அதிகரிப்பு' என்று குறித்துக்கொண்டார்.

மறுநாள் பண்ணைக்காரர் ஆறு மணிக்கே வந்து முதல் ஆளாக உள்ளே போய்விட்டார். தீனி போட்டார், கரையைப் பார்த்தார், மனம் குளிர்ந்தது. பத்தரைக்குக் குழு வந்தது. பதினொரு பேரும் நுழைந்ததும் கணக்கு பன்னிரண்டாகிவிட்டது. பிளாஸ்க்காரர் வெளியே நின்றுவிட்டார். மைத்துனர் நேர்மையானவர், விடவில்லை. வேலியின் இந்தப் பக்கம் தேநீரும் அந்தப் பக்கம் பதினொரு பேருமாக அன்றைய மேற்பார்வை நடந்தது. மாலையே பண்ணைக்காரருக்கு நோட்டீஸ் வந்தது. முன்மாதிரித் தளத்தின் அன்றாட இயக்கத்துக்குத் திட்டமிட்டுக் குந்தகம் விளைவித்ததற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தது.

அவர் நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இயக்குநரைப் பார்க்க நகரத்துக்குப் போனார். மூன்று நாள் நடைபாதைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நான்காம் நாள் கூப்பிட்டார்கள். அறை குளுகுளுவென்று இருந்தது. மேசைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி, அதற்குள் பிளாஸ்டிக் மீன்கள். பண்ணைக்காரர் அதையே பார்ப்பதைக் கவனித்த இயக்குநர் புன்னகைத்தார்.

"முதல்ல நிஜ மீன்தான் வச்சிருந்தோம். பராமரிப்பு கஷ்டம். இது ஆறு வருஷமா ஒண்ணுகூடச் சாகல. நான் எல்லார்கிட்டயும் சொல்றது இதைத்தான். மனசு வச்சா முடியும்."

"ஐயா, என் குளத்துல மீன் நிஜம். ரெண்டு மாசமா தண்ணி மாத்தல. எனக்கு உள்ள போகவே வழியில்ல."

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பேசப்போகிறார் என்பது தெரிந்து, அருகில் நின்ற உதவியாளர் குறிப்பேட்டைத் திறந்தார்.

"ஆணையம் மனுஷனுக்கு எதிரின்னு நீங்க நினைக்கக் கூடாது. மனுஷனும் இயற்கையோட ஒரு பகுதிதான். எந்தப் பகுதி, எத்தனை மணிக்கு, யார் கையெழுத்தோட? இவ்வளவுதான் எங்க கேள்வி. நான் இந்தத் துறையில இருபத்தாறு வருஷமா இருக்கேன். மீன் வளர்ப்பு பத்தி ஒன்பது மாநாட்டுல பேசியிருக்கேன். ஒரு தடவைகூடக் கால் நனைஞ்சதில்ல. ஏன்? ஒரு சூழலை நேசிச்சா அதுகிட்டேர்ந்து தள்ளி நிக்கணும். நீங்க ரொம்பக் கிட்ட நிக்கிறீங்க. அதுதான் உங்க பிரச்சினை."

"என் ஒன்பதாம் படிவம் என்ன ஆச்சுங்க ஐயா?"

"பத்திரமா இருக்கு. வந்த நாள்லேர்ந்து அதை ஒருத்தரும் தொடல."

இந்த ஆளிடம் பேசுவதைவிட அந்தப் பிளாஸ்டிக் மீனிடம் முறையிட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தார். நடைபாதையில் கள அலுவலர் அவரைத் தனியே அழைத்துப் போனார். அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே நல்ல மனசு. அதனால் விளைந்த கேடு மற்ற எல்லோரும் சேர்ந்து செய்ததைவிட அதிகம்.

"சார், ஒரு வழி இருக்கு. பன்னெண்டு பேருங்கறது மனுஷங்களுக்குத்தான். நாரை கணக்குல வருதா? நீர்நாய் வருதா? அதெல்லாம் எப்ப வேணா வரலாம், போகலாம். ஏன்னா தளத்தோட உயிரினப் பதிவேட்டுல அதுங்க பேர் இருக்கு. உங்களையும் அதுல சேர்த்துட்டா வாசல்ல யாரும் நிறுத்த முடியாது."

"என்னையா?"

"பத்தொன்பது வருஷமா அங்கேயே இருக்கீங்க. அந்தக் குளத்தை நம்பி வாழறீங்க. தகுதி இருக்கு சார்."

தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன. அவர் சரி என்றார்.

மறுவாரம் வீட்டுக் கூடத்திலேயே பதிவு நடந்தது. உயரம் அளந்தார்கள், எடை பார்த்தார்கள், காதுமடலைப் படம் எடுத்தார்கள். கள அலுவலர் பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உணவு?"

"சோறுதான்."

"இரை தேடும் நேரம்?"

"இவ போடற நேரம்" என்று மனைவியைக் காட்டினார்.

"இனப்பெருக்கக் காலம்?"

பண்ணைக்காரர் கூரையைப் பார்த்தார். மனைவி வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "ஒரே பொண்ணு. கட்டிக் கொடுத்து ஏழு வருஷம் ஆச்சு. அந்தக் காலமெல்லாம் முடிஞ்சுதுன்னு எழுதிக்கோங்க."

'குஞ்சு ஒன்று. இடம்பெயர்ந்துவிட்டது' என்று எழுதிக்கொண்டார் கள அலுவலர். எண்ணிக்கை என்ற கட்டத்தில் ஒன்று. நிலை என்ற கட்டத்தில் மிக அரிது. வரிசை எண் நாற்பத்தேழு. நாற்பத்தைந்தாவது சாம்பல் நாரை, நாற்பத்தாறாவது நீர்நாய். பறவைகளுக்கு மாட்டுவது போன்ற ஓர் அலுமினிய வளையத்தை, அளவில் பெரிதாகச் செய்து, அவர் கணுக்காலில் பூட்டிவிட்டுப் போனார்கள்.

அன்றிலிருந்து வாசல் திறந்தது. மைத்துனர் விசிலைக்கூட ஊதவில்லை. பண்ணைக்காரர் விடிவதற்கு முன் போனார், இருட்டிய பிறகு வந்தார். குழுவினர் அவரைக் கண்டால் நடையைத் தளர்த்தி, குரலைத் தாழ்த்தி, பைனாகுலரை எடுத்தார்கள். ஒருமுறை அவர் தும்மியபோது நான்கு பேர் நேரம் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் மனைவி மதியச் சாப்பாட்டை அடுக்கில் எடுத்து வந்தார். மைத்துனர் தடுத்தார்.

"அக்கா, உள்ள இருக்கற உயிரினத்துக்குத் தீனி கொடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்கு."

"உன் மாமாடா அது."

"வீட்டுல மாமா. இங்க நாற்பத்தேழு. நான் என்னக்கா பண்றது, போர்ட நானா எழுதினேன்?"

"அப்ப அவர் பட்டினி கிடக்கட்டுமா?"

"தானா தேடிச் சாப்பிட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நீ இந்த வேலியோரமா வச்சுட்டு, திரும்பிப் பார்க்காம போ."

மனைவி அப்படியே செய்தார். தம்பியை அன்று முழுக்க வாய் ஓயாமல் திட்டினார். பண்ணைக்காரர் வேலியோரம் குந்தி, தானாகத் தேடிக் கண்டுபிடித்த சோற்றைச் சாப்பிட்டார். நாரை இரண்டு கெஜம் தள்ளி நின்று பார்த்தது.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். குளம் பொறுக்கவில்லை. தண்ணீர் மங்கிய பச்சையிலிருந்து கறுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அடிச்சேற்றிலிருந்து கொப்புளம் வந்தது, முட்டை அழுகிய வாடை வந்தது. மீன்கள் பாதித் தீனியை விட்டுவிட்டன. அரக்கு வைத்த பிறகு ஐந்து கடலேற்றம் வந்து போய்விட்டது. அடுத்தது இன்னும் ஆறு நாளில்.

ஒன்பதாம் படிவத்துக்கு அப்போதுதான் பதில் வந்தது. ஒரே வரி. 'இப்படிவம் மனிதர்களுக்கானது. விண்ணப்பதாரர் உயிரினப் பதிவேட்டில் உள்ளதால் பரிசீலிக்க இயலாது.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு கள அலுவலரிடம் ஓடினார். "மேடம், நண்டு கரையில ஓட்டை போடுது. தண்ணி உள்ள வருது. அது யார்கிட்ட படிவம் கொடுத்துச்சு?"

"அது அதோட இயல்பு சார். பதிவேட்டுல எழுதியிருக்கு. உங்க இயல்புல மடை திறக்கறது இல்லையே."

"எழுதிடுங்க."

"நாங்களா எழுத முடியாது சார். குழு ஒரு பருவம் முழுக்க உங்களைக் கவனிக்கணும். நீங்க மடையத் திறக்கறதை அவங்க கண்ணால பார்த்தா சேர்ப்பாங்க."

"நான் திறந்தாத்தான் எழுதுவீங்க?"

"ஆமா சார்."

"எழுதினாத்தான் திறக்கலாம்?"

"அதுவும் சரிதான் சார்."

"இதுல உங்களுக்கு ஒண்ணுமே தோணலையா மேடம்?"

கள அலுவலர் உண்மையாகவே யோசித்தார். "கஷ்டமாத்தான் சார் இருக்கு. ஆனா முறைப்படி இருக்கு."

பண்ணைக்காரருக்குச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. முட்டிக்கொண்டால் அதையும் இயல்பு என்று எழுதிவிடுவார்கள் என்பதால் எழுந்து வந்தார்.

கடல் ஏறும் நாள் காலை ஐந்தரைக்கு அவர் கரையில் நின்றார். வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. குளம் முழுக்க மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. ஆயிரக்கணக்கான வாய்கள். பத்தொன்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. மண்கரைக்கு அந்தப் பக்கம் கழியில் நல்ல தண்ணீர் ஒரு முழம் உயரத்தில் தளும்பிக்கொண்டு நின்றது. நடுவே ஏழு பலகை, ஒரு துணிநாடா, ஒரு ரூபாய் அகலத்துக்கு அரக்கு.

அவர் நாடாவில் கை வைத்ததும் மைத்துனர் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாமா, அவசரப்படாதீங்க. உடைச்சீங்கன்னா குத்தகை போயிடும். அக்கா என்னை உயிரோட விடாது. ஃபோன் போட்டுக் கேட்டுடறேன், ரெண்டே நிமிஷம்."

பண்ணைக்காரர் கையை எடுத்தார். வாழ்நாளில் ஒரு வரியை, ஒரு கட்டணத்தை, ஒரு வரிசையைத் தாண்டிப் போகாத மனிதர். கேட்டுவிட்டுச் செய்தால் பிறகு தொல்லை இல்லை என்று நம்புகிற ஜாதி. அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

மைத்துனர் தன் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டார். கண்காணிப்பாளர் கள அலுவலரைக் கூப்பிட்டார். அந்தப் பெண் பதறிப்போய் உடனே இயக்குநரைக் கூப்பிட்டார். இயக்குநர் நடைப்பயிற்சியில் இருந்தார். நடக்கும்போது அவர் ஃபோனை எடுப்பதில்லை, அது அவர் உடம்பின் தாங்குதிறன் சம்பந்தப்பட்டது. ஆறு மணி ஆயிற்று. ஆறரை ஆயிற்று. கரைமேல் இரண்டு பேரும் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கழித்தண்ணீர் முழத்திலிருந்து சாணுக்கு இறங்கியது. முதல் மீன் பக்கவாட்டில் சாய்ந்து, வட்டமடித்து, வெள்ளை வயிற்றைக் காட்டியது.

ஏழு பத்துக்கு ஃபோன் அடித்தது. மைத்துனர் கேட்டார், முகம் மலர்ந்தது.

"மாமா, கொடுத்துட்டாங்க. கொள்கையளவில் சம்மதமாம். எழுத்துல பதினோரு மணிக்கு வருமாம்."

பண்ணைக்காரர் நாடாவை அறுத்தார். அரக்கு உடைந்து விழுந்தது. பலகைகளை உருவினார். நான்கு விரல் உயரத்துக்கு நல்ல தண்ணீர் வந்தது. பத்து நிமிடம் வந்தது. பிறகு மடைக்குள் தண்ணீர் இரு பக்கமும் சமமாக, அசையாமல் நின்றது. அதன் பிறகு மெல்லத் திரும்பி வெளியே போகத் தொடங்கியது. கடலுக்குக் கொள்கை தெரியாது. அவர் பலகைகளை மறுபடி செருகி, நெஞ்சைக் கொடுத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

எட்டரைக்குள் குளம் வெள்ளையாகிவிட்டது.

மனைவி வந்தபோது அவரை யாரும் வாசலில் தடுக்கவில்லை. கரையில் நின்று குளத்தைப் பார்த்தார். பிறகு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிற புருஷனைப் பார்த்தார்.

"கேட்டுக்கிட்டா நின்னீங்க?"

"ஆமா."

பண்ணைக்காரருக்கு ஆணையத்தின்மேல் அந்த நேரத்தில் கோபம் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்மேல்தான் வந்தது. எட்டு மாதம் தீனி போட்ட கை. ஒரு துண்டுத் துணியை அறுக்க அதற்குத் துணிச்சல் வரவில்லை. அந்த வெட்கம் அவருக்குப் பிறகு ஒருநாளும் தீரவில்லை.

பத்தரைக்குக் குழு வந்தது, மூக்கில் கைக்குட்டையுடன். பதினோரு மணிக்கு எழுத்து மூலமான அனுமதி வந்தது. பன்னிரண்டு மணிக்கு, எழுத்து மூலமான அனுமதி வருவதற்கு முன்பே அரக்கை உடைத்ததால் குத்தகை ரத்து என்ற ஆணை வந்தது. ஆணையத்தில் இவ்வளவு வேகமாக ஒரு காரியம் நடந்து பார்த்ததில்லை என்று பிளாஸ்க்காரரே சொன்னார்.

ஆறு மாதம் திரும்புவதற்குள் குளக்கரையில் பந்தல் போட்டு ஒரு விழா நடந்தது. அன்றைக்கு மட்டும் தாங்குதிறனை நானூறாக உயர்த்தியிருந்தார்கள். இயக்குநர் பேசினார்.

"இந்தக் குளத்துல மீன் இருந்தப்ப எங்களுக்கு எத்தனை கவலை தெரியுமா? தண்ணி போதுமா, காத்துப் போதுமா, செத்துடுமோன்னு தினம் பயம். இன்னைக்கு அந்தப் பயம் இல்ல. இங்க இனிமே சாகறதுக்கு எதுவும் இல்ல. எதுவுமே இல்லாத இடத்துல எதையும் இழக்க முடியாது. பல நாடுங்க பல வருஷமா தேடற நிலைத்த வளர்ச்சியை நாம ஒன்பது மாசத்துல எட்டியிருக்கோம். இதை மத்த குளங்களுக்கும் கொண்டு போகணும். அதுதான் என் கனவு."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தண்ணீரின் சான்றிதழ் இன்னும் மூன்று மாதத்துக்குச் செல்லும் என்பதையும் அவர் நினைவூட்டினார்.

பண்ணைக்காரர் நகரத்தில் ஓர் ஐஸ் தொழிற்சாலையில் கட்டிகளை இழுத்துப் போடும் வேலைக்குச் சேர்ந்தார். கணுக்கால் வளையத்தைக் கழற்ற ஆணையத்தில் ஒருவரும் வராததால் அங்கிருந்த வெல்டரே அறுத்துக் கொடுத்தார். பதிவேட்டில் நாற்பத்தேழாவது வரிக்கு எதிரே 'இத்தளத்தில் அற்றுப்போனது' என்று எழுதிவிட்டதாக மைத்துனர் சொன்னார்.

அடுத்த வருடம் ஒரு விடுமுறை நாளில் மனைவி கிளப்பினார். "என்னதான் பண்ணி வச்சிருக்காங்கன்னு ஒரு தடவ பார்த்துட்டு வந்துடலாம்." குழு இப்போது வீடியோவில் கூடுவதால் பயணிகளுக்கு இடம் கிடைத்திருந்தது. இரண்டு டிக்கெட் வாங்கினார்கள். நான்காம் ஆள், ஐந்தாம் ஆள்.

மடை இருந்த இடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு சிமெண்டுச் சிலை நின்றது. கையில் கூடை, இடுப்பில் துண்டு, முகத்தில் காரணமில்லாத ஒரு புன்னகை. கீழே பலகை: 'மீன்பண்ணையாளர். முன்பு இப்பகுதியில் காணப்பட்டவர். சாதுவானவர். தனித்து வாழ்ந்தவர்.' மனைவி சிலையைச் சுற்றி வந்து பார்த்தார். "இவ்வளவு தொப்பையா உங்களுக்கு?" என்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வழிகாட்டி ஓர் இளைஞர், குளத்துக்குப் புதியவர். சிலைக்கு முன் எல்லோரையும் நிறுத்திப் பலகையில் இருந்ததை அப்படியே ஒப்பித்தார். வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் கேட்டார்.

"இவங்க எப்படிங்க அழிஞ்சாங்க?"

"தெரியலைங்க. ஆராய்ச்சி நடந்துக்கிட்டிருக்கு" என்றார் வழிகாட்டி.

"எனக்குத் தெரியும்" என்றார் பண்ணைக்காரர்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்குச் சொல்ல எவ்வளவோ இருந்தது. சக்கரம், சான்றிதழ், ஒன்பதாம் படிவம், நடைப்பயிற்சி.

"மடையத் திறக்க விடல" என்றார். "கேட்டுக்கிட்டு நின்னான். அதான் அழிஞ்சான்."

கண்ணாடி அம்மாள் ஏதோ கேட்க வாயெடுத்தார். வழிகாட்டி முந்திக்கொண்டார். மரியாதையாகத் தலையசைத்து, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து, 'உள்ளூர் நம்பிக்கைகள்' என்று தலைப்பிட்டிருந்த பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.